பள்ளிப்படையும் ஊறலும்: வடதொண்டைநாட்டு நினைவுக் கட்டடங்களும் நீரமைப்புகளும் – எபேசு நகரோடு ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இறந்தோர்க்கு எழுப்பும் நினைவுக் கட்டடமும் இருப்போர்க்கு அமைக்கும் நீர்நிலையும் பழங்காலச் சமூகங்கள் பலவற்றில் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. கிரேக்க–உரோமானிய நகரமான எபேசுவில் இவ்வுறவு தெருவோரத்திலேயே வெளிப்படக் காணலாம். தமிழகத்தின் வடஎல்லையில், பள்ளிப்பட்டு, திருத்தணி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தொண்டைநாட்டுப் பகுதியிலும் இவ்வுறவு கல்வெட்டு, செப்பேடு, ஊர்ப்பெயர் ஆகியவற்றில் பதிவாகியுள்ளது. மேற்பாடி, தொண்டமானாடு, சோழபுரம் ஆகிய ஊர்களின் பள்ளிப்படைச் சான்றுகளையும், திருவூறல் எனப்பெற்ற தக்கோலம், திருவாலங்காட்டுச் செப்பேடு ஆகியவை தரும் நீர்சார் சான்றுகளையும் எபேசு நகரச் சான்றுகளோடு ஒப்பிட்டு, இறந்தவரின் பெயர் எவ்வாறு நிலைக்கிறது, எவ்வாறு மறைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளிப்படை, அதீதகரம், நீர்ப்படை, திருவூறல், மேற்பாடி, எபேசு, அறக்கட்டளை.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு விளிம்பில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பள்ளிப்பட்டு. குசத்தலை எனவும் கொசத்தலை எனவும் வழங்கும் ஆறு இவ்வூர்ப் பகுதியைக் கடந்து பூண்டி நீர்த்தேக்கம் சென்று, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது ஆந்திரத்தில் இருந்த திருத்தணிப் பகுதி, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இவ்வரலாறு ஆய்வுலகிலும் தடம் பதித்துள்ளது. ஒரே தொண்டைநாட்டின் சான்றுகளுள் தொண்டமானாட்டுப் பள்ளிப்படை இன்று ஆந்திரத்திலும் மேற்பாடிப் பள்ளிப்படை தமிழ்நாட்டிலும் உள்ளன. மாநில எல்லையை ஆய்வின் எல்லையாகக் கொண்டால் இவ்விரண்டும் தனித்தனிச் செய்திகளாகவே நின்றுவிடும். பழைய நாட்டெல்லையைக் கொண்டு நோக்கினால் ஒரே மரபின் இரு கண்ணிகளாகப் புலப்படும்.

இங்கு மேற்கொள்ளப்படும் ஒப்பீடு வகைமை சார்ந்தது. தமிழகத்துக்கும் உரோமானிய உலகுக்கும் கடல்வணிகம் நிகழ்ந்தமைக்கு அரிக்கமேடு போன்ற இடங்கள் சான்றாகும். எனினும் பள்ளிப்படை மரபு மேலைக் கல்லறை மரபிலிருந்து வந்தது என்றோ அதற்கு மறுதலையாகவோ கூற எவ்விதச் சான்றும் இல்லை. ஒரே மானுடத் தேவைக்கு இரு சமூகங்கள் கண்ட வெவ்வேறு விடைகளை அருகருகே வைத்து நோக்குவதே இவ்வொப்பீட்டின் பயன்.

எபேசு: கல்லறையும் நீரூற்றும்

உரோமானிய வழக்கப்படி இறந்தோரை நகர எல்லைக்கு வெளியே அடக்கம் செய்தனர். நகருக்குள் அடக்கம் பெறுவது தனிப்பெரும் சிறப்பு. எபேசுவில் அச்சிறப்பைப் பெற்றோருள் ஒருவர் காயசு செக்சுதிலியசு பொல்லியோ. கி.பி. 4க்கும் 14க்கும் இடைப்பட்ட காலத்தில் இவர் தம் மனைவி ஒபிலியா பாசாவோடும் மக்களோடும் சேர்ந்து நகருக்கு நீர் கொணரும் கால்வாய்ப் பாலம் ஒன்றைக் கட்டுவித்தார். அப்பாலத்தின் கல்வெட்டு, அதனை எபேசுவின் ஆர்த்தெமிசுக்கும் பேரரசர் அகசுதசுக்கும் திபேரியசுக்கும் எபேசு நகருக்கும் உரித்தாக்குகிறது. நீர் தந்த பொல்லியோவுக்கு நகரின் அரசு மன்றத்தருகே நினைவுக் கட்டடம் எழுப்பியவர் அவர்தம் மனைவியின் மகன் ஒபிலியசு புரோக்குலசு. பின்னர், கி.பி. 92/93இல் பேரரசர் தொமித்தியன் காலத்தில், அக்கட்டடத்தை ஒட்டியே பெரிய நீரூற்று மண்டபம் ஒன்று எழுந்தது. நீர் தந்தவரின் கல்லறைப் பக்கத்தில் நீரே வந்து நின்றமை இருவகைக் கட்டடங்களின் உறவைத் தெளிவாகக் காட்டுகிறது.

கி.பி. 102க்கும் 114க்கும் இடையில் கிளாடியசு அரிசுதியோன் என்னும் செல்வரும் அவர் மனைவியும் திராயான் பேரரசருக்கு உரித்தாக்கி மற்றொரு நீரூற்று மண்டபத்தை எழுப்பினர். தூண்வரிசைகளும் சிலைகளும் கொண்ட அம்முகப்பின் நடுவே பேரரசரின் பேருருவச் சிலை நின்றது. அதன் அடியிலிருந்து நீர் குளத்தில் வீழ்ந்தது. நீர் பேரரசரிடமிருந்தே பெருகுவதாகக் காண்போர் கருதுமாறு அமைந்த காட்சி அது. குடிநீர்ப் பணியோடு கொடையாளரின் பெயரையும் ஆட்சியின் பெருமையையும் தெருவில் நிறுத்துவது இதன் நோக்கம்.

கல்லறை மரபின் சிறந்த சான்று செல்சசு நூலகம். ஆசிய மாநிலத்தின் ஆளுநராயிருந்த செல்சசு பொலெமேயானசுக்கு அவர் மகன் அக்குவிலா எழுப்பத் தொடங்கிய இந்நூலகத்தின் அடியறையிலேயே தந்தையின் கற்பேழை வைக்கப்பட்டது. நூல்கள் வாங்குவதற்காக 25,000 தெனாரியம் மூலதனமாக ஒதுக்கப்பட்டதைக் கல்வெட்டு குறிக்கிறது. நூலகம் என்னும் பொதுப்பயன், கல்லறை என்னும் தனிநினைவைச் சுமந்து நின்றது.

எபேசுக்குக் கிழக்கே இருந்த எராப்போலி நகரின் இடுகாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றுள் கிளைக்கோன் என்பவரின் கற்பேழைக் கல்வெட்டு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. குறிப்பிட்ட திருநாள்களில் தம் கல்லறைக்கு மாலை சூட்டுவதற்காக ஊதாச்சாயத் தொழிலாளர் குழுவுக்கும் கம்பள நெசவாளர் குழுவுக்கும் பணம் ஒதுக்கியதை அது பதிவு செய்கிறது. நினைவைப் பேணும் கடமையைக் குடும்பத்திடம் மட்டும் விடாமல் தொழிற்குழுவிடமும் ஒப்படைத்த இம்முறைக்குத் தமிழகத்தில் நெருங்கிய இணை உண்டு.

பள்ளிப்படை: சொல்லும் பொருளும்

'பள்ளி' என்பது படுக்கை, உறங்குமிடம், துறவியர் உறைவிடம், சிற்றூர் எனப் பல பொருள் தரும் சொல். சோழர் கல்வெட்டுகளில் அரசரின் இறப்பு 'துஞ்சுதல்' எனப்படுகிறது. முதலாம் ஆதித்தன் 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின' அரசனாகவும், அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' ஆகவும், சுந்தரசோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' ஆகவும் குறிக்கப்பெறுகின்றனர். இறந்த இடமே அரசனைச் சுட்டும் அடைமொழியாயிற்று. துஞ்சியவர் கிடக்கும் இடம் பள்ளி. அவ்வகையில் துஞ்சுதலும் பள்ளியும் ஒரே உருவகத்தின் இரு கூறுகள். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கக் கிரேக்கக் கிறித்தவர் வழங்கிய சொல்லும் 'உறங்குமிடம்' என்றே பொருள்படுவது நோக்கத்தக்கது.

'படை' என்னும் பின்னொட்டுக்கு நடுகல் மரபு விளக்கம் தருகிறது. வீரனுக்குக் கல்லெடுக்கும் படிநிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்குமிடத்து 'நீர்ப்படை', 'பெரும்படை' என்னும் இரு சொற்கள் இடம்பெறுகின்றன. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குரிய கல்லைக் கங்கையில் நீராட்டும் செய்தி கூறும் காதைக்கு நீர்ப்படைக் காதை என்பதே பெயர்; அதனை அடுத்து வருவது நடுகற் காதை. கல்லை நீரிற் படுத்துத் தூய்மை செய்வது நீர்ப்படை எனின், துஞ்சியவரைப் பள்ளியிற் படுத்து அவ்விடத்தைப் போற்றுவது பள்ளிப்படை எனக் கொள்வது சொல்லமைப்புக்குப் பொருந்தும். இவ்விளக்கம் ஏற்கப்படின் மற்றொன்றும் புலனாகும்: தமிழர் நினைவுச் சடங்கில் நீர் பின்னாளிற் சேர்ந்த அணி அன்று, கல் நினைவுச்சின்னமாகும் முன்பே அது நீரைக் கடந்தாக வேண்டும்.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். பள்ளிப்பட்டு என்னும் ஊர்ப்பெயரை ஒலியொப்புமை கொண்டு பள்ளிப்படையோடு இணைத்தல் பொருந்தாது. தொண்டைநாட்டு ஊர்ப்பெயர்களில் வரும் 'பட்டு' பெரும்பாலும் 'பற்று' என்பதன் திரிபு. செங்கழுநீர்ப்பட்டு செங்கற்பட்டு ஆனமை யாவரும் அறிந்தது. எனவே பள்ளிப்பட்டு என்பதைப் பள்ளிக்கு உரிய பற்று, அதாவது துறவியர் உறைவிடம் ஒன்றுக்கு உரிய நிலம் எனக் கொள்ள இடமுண்டு. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அளித்த நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப் பெயர் பெற்றமையும், மேற்பாடிக்கு அருகிலுள்ள வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் காலச் சமணக் குகைப்பள்ளி இருப்பதும் இவ்விளக்கத்துக்கு அரணாகும். கல்வெட்டுச் சான்று கிடைக்கும் வரை ஊர்ப்பெயரைப் பள்ளிப்படைக்குச் சான்றாக்காமல் இருப்பதே நெறி.

வடதொண்டைநாட்டுப் பள்ளிப்படைகள்

வேலூரை அடுத்த சோழபுரத்தில் கிடைத்த, விசயகம்பனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த கல்வெட்டு, இராசாதித்தன் என்னும் சிற்றரசன் தன் தந்தை பிருதிவிகங்கரையனைப் பள்ளிப்படுத்த இடத்தில் சிவன் கோயிலும் 'அதீதகரம்' ஒன்றும் எடுப்பித்ததைக் கூறுகிறது. அதீதகரம் என்பது மறைந்தோர்க்குரிய இல்லம். கோயிலும் மறைந்தோர் இல்லமும் இங்கு இரு வேறு சொற்களாற் குறிக்கப்பெறுகின்றன. ஆகவே இறைவன் உறையுளும் இறந்தோன் உறையுளும் தொடக்கத்தில் வேறுபடுத்தி உணரப்பட்டன எனலாம்.

காளத்தி அருகேயுள்ள தொண்டமானாட்டில் முதலாம் ஆதித்தனுக்கு அவன் மகன் முதலாம் பராந்தகன் எடுப்பித்த கோயில் கோதண்டராமேச்சரம் எனவும் ஆதித்தேச்சரம் எனவும் பெயர் பெற்றது. கோதண்டராமன் என்பது ஆதித்தனின் சிறப்புப்பெயர். இக்கோயில் விழாவில் பல சமயத்தார்க்கும் உணவளிக்க அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டது. உண்போருள் மாவிரதியரும் குறிக்கப்பெறுகின்றனர்.

பொன்னை ஆற்றங்கரையிலுள்ள மேற்பாடியில் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு அரிஞ்சிகை ஈச்சரம் எடுப்பித்தான். மேற்பாடி அப்போது இராசாச்சிரயபுரம் எனவும் வழங்கியது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்ட, இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஆற்றூரில் துஞ்சிய தேவர்க்குப் பள்ளிப்படையாக இக்கோயில் எடுக்கப்பட்டதை வெளிப்படையாகச் சொல்கிறது. இராசேந்திரன் காலக் கல்வெட்டில் இக்கோயில் மடபதியாக இலகுலீசுவர பண்டிதர் குறிக்கப்பெறுகிறார். தொண்டமானாட்டில் மாவிரதியரும் மேற்பாடியில் இலகுலீச மரபினரும் இடம்பெறுவது தற்செயலன்று. இறப்புத் தீட்டோடு தொடர்புடைய இடத்தில் வழிபாடு நடத்தச் சுடலை நோன்பு கொண்ட சைவப் பிரிவினரே ஏற்புடையோராயினர் என ஆய்வாளர் கருதுவதற்கு இச்சான்றுகள் வலுவூட்டுகின்றன. பழையாறைப் பகுதியில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் எழுந்த பஞ்சவன்மாதேவீச்சரம், இம்மரபு அரசியர்க்கும் உரியதாயிருந்ததைக் காட்டுகிறது.

இக்கோயில்களின் அன்றாட வழிபாடு அறக்கட்டளைகளால் நடந்தது. சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் அளிப்பது வழக்கம். ஆடுகளைப் பெற்ற இடையர், நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். இறந்த ஆட்டுக்கு ஈடாக மந்தையிற் பிறந்த குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமற் காப்பதால் இவை 'சாவா மூவாப் பேராடுகள்' எனப்பட்டன. இச்சொல்லாட்சி எல்லாக் கோயில்களுக்கும் பொதுவே. எனினும் பள்ளிப்படையில் அது தனிப்பொருள் பெறுகிறது: இறந்த அரசனின் நினைவு, சாவாத மந்தை ஒன்றின்மேல் நிறுத்தப்படுகிறது. எராப்போலியின் சாயத்தொழிலாளரும் தொண்டைநாட்டு இடையரும் ஒரே பணியை ஏற்றவர்கள். வேறுபாடு மூலதனத்தில் உள்ளது. அங்கே வைப்புப் பணம். இங்கே பெருகும் உயிரினம்.

ஊறலும் நீர்த்தூணும்

இப்பகுதியின் நீர்சார் சான்றுகளுள் முதன்மையானது தக்கோலம். ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற இத்தலத்தின் பழம்பெயர் திருவூறல். இறைவன் பெயர் சலநாதர். நந்தியின் வாயிலிருந்து நீர் சுரந்தமையால் இப்பெயர் அமைந்தது என்பது கோயில் மரபு. முதலாம் ஆதித்தனதாகக் கொள்ளப்படும் 24ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, திருவூறல் மாதேவர்க்குப் பிருதிபதி என்னும் கங்கர்குலத் தலைவன் வெள்ளிக் கெண்டி ஒன்று அளித்ததைப் பதிவு செய்கிறது. கெண்டி நீர் வார்க்கும் கலம். ஊற்றின் பெயர் கொண்ட இறைவனுக்கு நீர்க்கலமே கொடையானது பொருத்தமுடையது. எபேசுவின் நீரூற்று, கொடையாளரின் பெயரைத் தாங்கியது. திருவூறலில் ஊற்றே இறைவனின் பெயராகிக் கொடையாளர் சுவரெழுத்தில் ஒதுங்கி நின்றார்.

இதே தக்கோலத்தில் கி.பி. 949இல் நிகழ்ந்த போரில் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்துறந்தான். 'ஆனைமேற்றுஞ்சின' என்னும் அடைமொழி அவனுக்குரியது. அவனைக் கொன்ற கங்கமன்னன் பூதுகனின் வெற்றியைக் கூறும் ஆதகூர்க் கல்வெட்டு, காட்டுப்பன்றியோடு பொருது மடிந்த காளி என்னும் வேட்டைநாய்க்கு எடுத்த நினைவுக்கல்லில் உள்ளது. பேரரசு ஒன்றைத் தளரச் செய்த போரின் செய்தி ஒரு நாயின் நினைவுக்கல்லால் நமக்குக் கிட்டுவது, நினைவுச்சின்னம் யாரைக் காக்கும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது என்பதற்குச் சான்று.

திருத்தணியை அடுத்த திருவாலங்காட்டில் 1905இல் வெளிப்பட்ட முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் மற்றொரு கருத்தைத் தருகின்றன. கங்கைப் படையெடுப்புக்குப் பின் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் ஏரியை அச்செப்பேட்டின் வடமொழிப் பகுதி நீர்மயமான வெற்றித்தூண் என வருணிக்கிறது. கல்லால் நிறுத்த வேண்டிய தூணை நீரால் நிறுத்தியதாகக் கூறும் இக்கற்பனையில் நினைவுச்சின்னமும் நீர்நிலையும் ஒன்றாகின்றன. அருகருகே நின்ற இருவகைக் கட்டடங்களை எபேசு காட்டுகிறது எனில், நீர்நிலையே நினைவுச்சின்னம் என்னும் நிலையைத் திருவாலங்காட்டுச் செப்பேடு காட்டுகிறது.

பெயரின் நிலைபேறு

மேற்கண்ட சான்றுகளை இணைத்து நோக்கும்போது மூன்று வேறுபாடுகள் தெளிவாகின்றன.

முதலாவது, பெயர் தங்கும் இடம். எபேசுவில் கொடையாளர் பெயரும் இறந்தோர் பெயரும் முகப்பிலே தனித்து நின்றன. பள்ளிப்படையில் இறந்தவரின் பெயர் இறைவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அரிஞ்சயன் 'அரிஞ்சிகை ஈச்சரம்' ஆனான்.

இரண்டாவது, கட்டடத்தின் அடையாளம். கல்லறை மண்டபத்தைக் கண்ட மாத்திரத்தில் கல்லறை என அறியலாம். பள்ளிப்படையோ கருவறை, அர்த்தமண்டபம், விமானம் என்னும் பொது அமைப்பையே கொண்டது. கல்வெட்டில் அச்சொல் இல்லையேல் அதனைப் பிற சிவன் கோயில்களிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

மூன்றாவது, பிற்கால வாழ்வு. செல்சசு நூலகம் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் தீக்கிரையாயிற்று; நூலுக்கென வைத்த மூலதனம் பயனற்றுப் போயிற்று. பிற்காலத்தில் எஞ்சிய முகப்பின் முன்னே நீர்த்தொட்டி அமைத்து அதனை நீரூற்று மண்டபமாக மாற்றினர். கல்லறை நீரூற்றாயிற்று. எனினும் 1904இல் ஆத்திரிய அகழாய்வாளர் அடியறையை அடைந்தபோது கற்பேழை அங்கேயே இருந்தது. மேற்பாடியில் நிகழ்ந்தது இதன் மறுதலை. அங்கே கட்டடத்தின் பயன் மாறவில்லை. அது கோயிலாகவே நிற்கிறது. மாறியது பெயர். அரிஞ்சிகை ஈச்சரம் இன்று சோழேச்சுரம் என வழங்குகிறது. பாட்டனின் தனிப்பெயர் போய்க் குலப்பெயர் நின்றது. எபேசுவில் பயன் அழிந்து பெயர் நிலைத்தது. மேற்பாடியில் பயன் நிலைத்துப் பெயர் ஒதுங்கியது.

இவ்வேறுபாட்டை வெற்றி தோல்வியாகக் கணக்கிடுதல் ஆகாது. இறைவழிபாட்டில் கரைவதன் மூலம் நினைவைக் காக்க முயன்ற மரபு, வழிபாடு தொடரும் வரை அக்கட்டடத்தையும் காத்துக் கொடுத்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பள்ளிப்படை என்னும் அடையாளம் சுவரில் உள்ள ஒருசில எழுத்துகளை மட்டுமே நம்பி நிற்கிறது. திருப்பணியின்போது கல்வெட்டுக்கல் இடம் மாறினாலோ, மணல்வீச்சால் எழுத்து தேய்ந்தாலோ, சுண்ணமும் வண்ணமும் பூசி மறைக்கப்பட்டாலோ கோயில் எஞ்சும், பள்ளிப்படை எஞ்சாது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு. பள்ளிப்படை என்னும் சொல் நடுகல் மரபின் நீர்ப்படையோடு ஒப்புநோக்கத்தக்கது. இறந்தோர் நினைவும் நீரும் தமிழ் மரபில் சடங்கு நிலையிலேயே இணைந்தவை. எபேசு, எராப்போலி நகரங்களின் கல்லறை அறக்கட்டளைகளும் தொண்டைநாட்டு விளக்கறங்களும் நினைவுக் கடமையைத் தொழில்சார் குழுக்களிடம் ஒப்படைத்தன. மேலை நகரில் பெயர் முகப்பில் நின்றது; தொண்டைநாட்டில் அது இறைவன் பெயரிலும் ஊறலின் பெயரிலும் கலந்தது. ஊர்ப்பெயர் ஒலிப்பு ஒன்றையே கொண்டு பள்ளிப்பட்டு முதலிய ஊர்களைப் பள்ளிப்படையோடு இணைத்தல் சான்றின்பாற் படாது.

பள்ளிப்பட்டு, திருத்தணி, காளத்தி, பொன்னை ஆகிய பகுதிகளின் கோயில் கல்வெட்டுகளையும், குசத்தலை ஆற்றங்கரை ஊர்களின் குளம், ஊற்று, நடுகல் ஆகியவற்றையும் இரு மாநில எல்லையையும் கடந்து ஒரே நிலப்பகுதியாகக் கொண்டு மறுகள ஆய்வு செய்வது அடுத்து நிகழவேண்டிய பணி. எழுத்து இருக்கும்போதே படியெடுக்கப்பட்டால்தான் துஞ்சியவர் யார் என்பதைக் கோயில் தொடர்ந்து சொல்லும்.